ஒரு பல் தள்ளி மாட்டிய பெல்ட்: டீலரிடம் என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும்

பெல்ட் மாற்றிக் கைக்கு வந்த வண்டி பழையபடி ஓடவில்லை என்றால், முதல் வேலை இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுவதுதான். "கொஞ்ச தூரம் ஓட்டுங்க சார், செட் ஆகிடும்" என்ற பதில் சர்வீஸ் கவுன்ட்டரில் தயாராக இருக்கும். புது டைமிங் பெல்ட் ஓடத் தொடங்கியதும் மிகச் சிறிதளவு இடம்பிடிக்கும் என்பது உண்மை. அந்தத் தளர்வை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எடுத்துக்கொள்ளும். ஆனால் பல் மாறி உட்கார்ந்த பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் தானாகச் சரியாகாது. ஓட ஓட வால்வும் பிஸ்டனும் மோதும் அபாயம்தான் மிச்சம்.

பெல்ட் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்பது அபிப்பிராயத்துக்கு விடும் விஷயம் அல்ல. டிகிரியில் அளக்கலாம், படம் எடுக்கலாம், எண்ணாக எழுதி வாங்கலாம். "சத்தம் வருது", "இழுவை இல்ல" என்று பேச்சு அந்த அளவிலேயே நின்றால் டீலர் சொல்வதுதான் எடுபடும். அளவைக் கேட்டால் அவர்களும் அளவில்தான் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு சிக்கல்: யாராவது கவரைத் திறந்து பெல்ட்டைக் கழற்றும் வரைதான் அந்த அளவு அங்கே இருக்கும். இன்ஜின் சுற்றாமல் பூட்டும் ஒரு பின்னை மாட்டி, ஒரு பல் நகர்த்தி, கவரை மூடிவிட்டால் அரை நாளில் சான்று போய்விடும். பில்லில் "செக் செய்யப்பட்டது, ஓகே" என்று மட்டும் இருக்கும்.

எந்த பெல்ட்?

இன்ஜினில் இரண்டு வகை பெல்ட் உண்டு. வெளியே தெரிவது, ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், சில வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் சுற்றும் வரிபோட்ட பெல்ட். ஃபேன் பெல்ட் என்று சொல்வது இதைத்தான். கவருக்குள் இருப்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் பல்போட்ட டைமிங் பெல்ட். பல இன்ஜின்களில் டைமிங்குக்குச் செயின்தான், பெல்ட்டே கிடையாது. அந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றியதாக பில் வந்திருந்தால் அது வேறு வகைப் பிரச்சினை.

வெளி பெல்ட்டை நீங்களே பார்த்துவிடலாம். அதன் முதுகில் 6பிகே1200 போன்ற குறி அச்சிட்டிருக்கும். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் வடிவம், 1200 என்பது மில்லிமீட்டரில் நீளம். வரிக்கு வரி இடைவெளி 3.56 மி.மீ. ஆகவே ஆறு வரி பெல்ட் ஏறக்குறைய 21 மி.மீ. அகலம் இருக்கும். ஒரே மாடலிலேயே ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும், ஆல்டர்னேட்டர் வேறுபட்ட வண்டிக்கும் நீளம் மாறும். சேசிஸ் எண்ணை வைத்துப் பாகம் எடுக்காமல் மாடல் பெயரை வைத்து எடுத்தால் இங்கேதான் சறுக்கும். கொஞ்சம் நீளமான பெல்ட் மாட்டவும் செய்யும், ஓடவும் செய்யும். ஆனால் டென்ஷனர் தன் ஓட்டத்தின் கடைசிக்குப் போய் நிற்கும். பல டென்ஷனர்களின் உடலில் அனுமதிக்கப்பட்ட எல்லையைக் காட்டும் கோடுகளும் ஒரு முள்ளும் இருக்கும். முள் எல்லையைத் தாண்டியிருந்தால் பெல்ட் அளவு தப்பு, இல்லையென்றால் பாதை தப்பு.

அடிக்கடி நடக்கும் தப்பு, பெல்ட்டை ஒரு வரி தள்ளி உட்காரவைப்பது. கீழே இருக்கும் கிராங்க் புல்லியிலோ கம்ப்ரசர் புல்லியிலோதான் இது நேரும், ஏனென்றால் அங்கே கண் எட்டாது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு புல்லியில் மட்டும் ஒரு ஓரத்தில் காலிப் பள்ளம் தெரிந்து, மறு ஓரத்தில் பெல்ட் வெளியே தொங்கினால் அதுதான். (புல்லியே பெல்ட்டைவிட ஒரு பள்ளம் அகலமாக இருக்கும் இன்ஜின்களும் உண்டு. அதனால் மற்ற புல்லிகளோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.) இப்படி ஓடும் பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரியும். பிரிந்த நூல் கிராங்க் புல்லியின் பின்னால் சுற்றிக்கொண்டு, டைமிங் கவரின் இடுக்கு வழியாக உள்ளே புகுந்து, டைமிங் பெல்ட்டையே பல் தாண்டவைக்கலாம். வெளி பெல்ட்தானே என்று இதை அலட்சியமாக விடக்கூடாது.

இரண்டாவது தப்பு பாதை. வரிப்பக்கம் பள்ளம் உள்ள புல்லிகளில் ஓட வேண்டும், முதுகுப்பக்கம் வழவழப்பான ஐட்லர் உருளைகளில் ஓட வேண்டும். வாட்டர் பம்ப் எந்தப் பக்கத்தால் சுற்றப்படுகிறது என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அதைப் புரட்டிப் போட்டால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், கூலன்ட் ஓட்டம் படுத்துவிடும், நெரிசலில் வெப்பமானி ஏறும். ஆல்டர்னேட்டரில் ஒருவழிக் கிளட்ச் புல்லி இருந்து அது எதிர்ப்பக்கம் சுற்றினால் சார்ஜே ஆகாது. பானெட்டின் உட்புறம் அல்லது ரேடியேட்டர் சட்டத்தில் பெல்ட் பாதையின் படம் ஒட்டியிருந்தால் அதோடு ஒப்பிட்டால் போதும்.

மூன்றாவது வகையைக் கண்ணால் பிடிக்க முடியாது. சில வண்டிகளில் டென்ஷனரே இல்லாத, நீளும் தன்மையுள்ள பெல்ட் வருகிறது. அதற்கென்று மாட்டும் கருவி உண்டு. அது கைவசம் இல்லாதவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவார். வெளியே ஒரு கீறலும் தெரியாது, ஆனால் உள்ளே இழுவையைத் தாங்கும் நூல்கள் அறுந்திருக்கும்.

சத்தத்தை வைத்துப் பிரிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது, தள்ளி நின்று, தளர்ந்த உடையும் கையும் எட்டாத தூரத்திலிருந்து, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். கீச்சொலி சற்று நேரம் அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இழுவிசை போதவில்லை. இந்தச் சோதனையை வீடியோவில் பதிவு செய்து வையுங்கள், டீலரிடம் பிறகு உதவும்.

டைமிங் பெல்ட்: ஒரு பல் என்றால் எவ்வளவு

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் என்றால் கேம் பல்சக்கரத்தில் 40. கேமில் ஒரு பல் தள்ளினால் 360-ஐ 40-ஆல் வகுக்க, 9 டிகிரி. அது கிராங்க் கணக்கில் 18 டிகிரி. 24-க்கு 48 பல் உள்ள இன்ஜினில் அதே ஒரு பல் 15 டிகிரி. வால்வு திறந்து மூடும் நேரத்தில் 15, 18 டிகிரி என்பது ஐடிலிங்கையும் இழுவையையும் கெடுக்கத் தாராளமாகப் போதும். ஆனாலும் பெரும்பாலான இன்ஜின்கள் ஒரு பல் பிசகில் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால்தான் தப்பு ஒர்க் ஷாப்பிலேயே பிடிபடாமல் டெலிவரி வரைக்கும் வந்துவிடுகிறது.

பிசகு எப்போதும் முழுப் பல்லாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கேம் பல்சக்கரத்தை ஷாஃப்டோடு நழுவாமல் பூட்டும் சாவிக்கட்டையே இல்லாத இன்ஜின்கள் பல. அவற்றில் கேமைப் பின்பக்கத்தில் கருவியால் பூட்டி, பல்சக்கர போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை நிறுத்தி, கடைசியில்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். இழுவிசை ஏறும் முன்பே போல்ட்டை முறுக்கிவிட்டால் சில டிகிரி விலகல் நிரந்தரமாக நின்றுவிடும். குறிகள் ஏறத்தாழப் பொருந்தித் தெரியும், வண்டி மட்டும் சோம்பலாக ஓடும். கிராங்க் பல்சக்கரமும் இப்படியே சாவிக்கட்டை இல்லாமல் வெறும் இறுக்கத்தில் நிற்கும் இன்ஜின்கள் இருக்கின்றன. அங்கே முன்புற புல்லி போல்ட்டைப் பூட்டுக் கருவி இல்லாமல் தளர்த்தினாலே டைமிங் போய்விடும்.

மாட்டும்போது எங்கெங்கே தவறுகிறது என்பது தெரிந்தால் டீலரிடம் சரியான கேள்வி கேட்கலாம். பெரும்பாலான தப்பு தளர்வில்தான். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும், மிச்சத் தளர்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் தள்ளிக்கொண்டு வர வேண்டும். நேர்ப்பக்கத்தில் அரைப் பல் தளர்வு நின்றுவிட்டால், டென்ஷனர் இழுக்கும்போது கேம் சற்றுத் திரும்பும், குறி நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் மாட்டிய பின் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்க்க வேண்டும் என்ற விதி. இன்ஜின் ஓடும் திசையில்தான் சுற்ற வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் புல்லிப் பக்கமிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்று. பழைய ஹோண்டா இன்ஜின்கள் பலவற்றில் எதிர்ச்சுற்று. கைக்குப் பதில் ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்ப்பவர், தப்பு இருந்தால் அங்கேயே வால்வை வளைத்துவிடுவார். கையால் சுற்றும்போது ஓரிடத்தில் கெட்டியாக முட்டினால் அதற்கு மேல் பலம் கொடுக்கக் கூடாது என்பது இந்த வேலையின் பாலபாடம்.

இந்த இரண்டு சுற்றில் புதியவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. பெல்ட்டின் மேல் அச்சிட்ட வெள்ளைக் கோடுகள் முதல்முறை மாட்ட மட்டுமே. பெல்ட்டின் மொத்தப் பல் எண்ணிக்கை பல்சக்கரச் சுற்றோடு ஒத்துவராததால், இரண்டு சுற்றுக்குப் பின் அந்தக் கோடுகள் வேறெங்கோ போயிருக்கும். பல்சக்கரத்தின் குறிகளும் இன்ஜின் உடலின் குறிகளும் நேராக நிற்கின்றனவா என்பதுதான் கணக்கு. கோடு நகர்ந்துவிட்டது என்று பயந்து, சரியாக மாட்டிய பெல்ட்டைக் கழற்றித் தப்பாக மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

டென்ஷனர் அடுத்த கண்டம். மையம் விலகிச் சுழலும் வகையில் எந்தப் பக்கம் திருப்பி முள்ளைக் குழியோடு நிறுத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். எதிர்ப்பக்கம் திருப்பினாலும் பெல்ட் இறுகும், ஆனால் அந்த இழுவிசை சரியாக நிற்காது. அதன் பின்புறக் கொக்கி இன்ஜின் உடலின் துளையில் உட்காராமலே போல்ட் முறுக்கப்படுவதும் சகஜம். ஹைட்ராலிக் வகை என்றால் வைஸில் மெதுவாக அழுத்தி, பின்னைச் செருகி, மாட்டி முடித்ததும் பின்னை உருவ வேண்டும். உருவ மறந்தால் பெல்ட்டுக்கு இழுவிசையே இருக்காது. இன்ஜின் சூடாக இருக்கும்போது இழுவிசை வைத்தால் ஆறியதும் அளவு மாறிவிடும். அதனால்தான் குளிர்ந்த இன்ஜினில் செய்யச் சொல்கிறார்கள். அவசரத்தில் முதலில் பலியாவது இந்த விதிதான்.

பூட்டுப் பின்னை எதிர்ப்பிடியாக வைத்து போல்ட்டை முறுக்கினால் பின் வளையும், அதோடு டைமிங்கும் நகரும். டிகிரிக் கணக்கில் முறுக்கும் போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டால், பல இன்ஜின்களில் மறுபடி பயன்படுத்தக் கூடாது. டைமிங் பெல்ட்டை மடக்கவோ முறுக்கவோ உள்வெளியாகத் திருப்பவோ கூடாது, உள்ளிருக்கும் கண்ணாடி இழை ஒடியும். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள இன்ஜினில் கேமின் முனையிலுள்ள அந்த அமைப்பு தன் பூட்டு நிலையில் இருக்கும்போதுதான் மாட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் மாட்டினால் குறி சரியாக இருந்தும் கேம் விலகியிருக்கும்.

அதிர்வைக் குறைக்கும் சமநிலை ஷாஃப்ட் உள்ள இன்ஜினில் இன்னொரு பொறி. மிட்சுபிஷியின் 4ஜி63 குடும்பம் இதற்குப் பேர்போனது. எண்ணெய் பம்ப் பல்சக்கரத்தின் குறி சரியாக நின்றாலும், அதோடு இணைந்த சமநிலை ஷாஃப்ட் தலைகீழாக இருக்கலாம். இன்ஜின் பக்கவாட்டிலுள்ள பிளக்கைக் கழற்றி 8 மி.மீ. கம்பியை விட்டால் 60 மி.மீ. உள்ளே போக வேண்டும். 20, 25 மி.மீ.-ல் முட்டினால் பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இழுவை நன்றாகவே இருக்கும், ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் முழு வண்டியும் அதிரும். டீலர் மவுண்டிங்கை மாற்றுவார், பிறகு டயரை பேலன்ஸ் செய்வார், அதிர்வு அப்படியே இருக்கும்.

வண்டி சொல்லும் அடையாளங்கள்

ஒரே கேம் உள்ள இன்ஜினில் கேம் பின்தங்கியிருந்தால் கீழ்வேகத்தில் இழுவை படுத்திருக்கும், மேல்வேகத்தில் ஓரளவு வரும். முந்தியிருந்தால் கீழே பரவாயில்லை, மேலே மூச்சடைக்கும். இரண்டு கேம் உள்ளதில் ஒன்று மட்டும் விலகினால் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் மாறி, ஐடிலிங்கில்தான் முதலில் தெரியும். இரண்டு மூன்று பல் போனால் ஸ்டார்ட் ஆகத் திணறும், இன்டேக் வழியாகத் துப்பும், வால்வு பிஸ்டனைத் தொடும் வகை இன்ஜினில் அத்தோடு கதை முடியலாம். டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இடமே இல்லாததால் அநேகமாக எல்லா டீசல் இன்ஜினும் இந்த வகைதான்.

பெல்ட் அதிக இறுக்கமானால் ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப ஏறும் ஊளைச் சத்தம் வரும், வாட்டர் பம்ப் பேரிங் முதலில் போகும். தளர்ந்திருந்தால் கவரில் அடிக்கும் படபடப்பு கேட்கும், குறிப்பாக இன்ஜினை அணைக்கும் நொடியில்.

ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் கிராங்க், கேம் சிக்னல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள். அதே சிலிண்டர் வரிசையின் இரண்டாவது கேம் சென்சாருக்கு பி0017. வி வடிவ இன்ஜினின் மறு வரிசைக்கு பி0018, பி0019. பெல்ட் வேலைக்குப் பிறகு வரும் பி0016-ஐ சென்சார் கோளாறு என்று சொல்லி சென்சார் மாற்றுவது டீலர்களிடம் காணும் சோம்பேறித்தனம். வேலைக்கு முந்தின நாள் வரை நன்றாக இருந்த சென்சார் பெல்ட் மாற்றிய அன்றே தற்செயலாகக் கெடுவது அபூர்வம். பி0340 வந்தால் மட்டும் கேம் சென்சார் பிளக் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மறந்திருக்கலாம்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: பெல்ட் வேலைக்குப் பின் வரும் எல்லாக் கோளாறும் டைமிங் அல்ல. குறுக்குவாட்டில் வைத்த இன்ஜினில் பெல்ட்டை எடுக்க அநேகமாக ஒரு பக்க மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும். அதை இன்ஜின் எடையில் சரியாக உட்காரவைக்காமல் முறுக்கினால் ஐடிலிங்கில் ஸ்டீயரிங் அதிரும், இன்ஜின் உள்ளே ஒன்றும் பிசகியிருக்காது. வாட்டர் பம்ப்பும் மாற்றியிருந்தால் காற்று அடைபட்டு வெப்பம் ஏறலாம். கழன்ற வேக்கம் ஹோஸ், உரசும் கீழ்க்கவர் இரண்டும் இதே பட்டியலில் சேரும்.

டீலரிடம் போகும்போது

டைமிங் சந்தேகம் வலுவாக இருந்தால் வண்டியை ஓட்டிப் போகாமல் ஏற்றிப் போகச் சொல்லுங்கள். "ஓட்டிட்டே வந்துட்டீங்களே, அதுல வால்வு போயிருக்கும்" என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போகும். அடையாளம் தெரிந்ததும் நிறுத்தினீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ, தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு, ஓடோமீட்டரின் படம். டெலிவரி நாளின் ஓடோமீட்டர் அளவு பழைய ஜாப் கார்டில் இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள கிலோமீட்டர்தான் உங்கள் வலுவான வாதம்.

புகாரை எழுதும்போது நோயை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். "டைமிங் ஒரு பல் தள்ளியிருக்கிறது" என்று எழுதினால், அவர்கள் திறந்து பார்த்து "இல்லை" என்று சொல்லிவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். "டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு, குளிர்ந்த இன்ஜினில் ஐடிலிங் நடுங்குகிறது, கீழ்வேகத்தில் இழுவை இல்லை, இந்தக் கோளாறுக் குறியீடு பதிவாகியுள்ளது" என்று அடையாளங்களை எழுதி, கூடவே "பெல்ட்டைத் தளர்த்தும் முன் டைமிங் நிலையை அளந்து படத்துடன் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். இந்த ஒரு வரி ஜாப் கார்டில் ஏறும் வரை சாவியைக் கொடுக்க வேண்டாம். அந்தக் குறியீட்டை அழிக்கும் முன் அது பதிவான நேரத்து விவரங்களையும், அதாவது வேகம், வெப்பம், லோடு எல்லாவற்றையும், அச்செடுத்துக் கேளுங்கள். அழித்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது மிக மலிவான தந்திரம். குறியீடு கொஞ்ச தூரத்திலேயே திரும்பி வரும், அப்போது அதைப் புதுப் புகார் என்று பதிவார்கள்.

இன்னொரு ஒர்க் ஷாப்பில் கவரைத் திறந்து பார்க்கும் ஆசை எழும். செய்யாதீர்கள். வேறு கை பட்டுவிட்டது என்ற ஒரே காரணம் போதும், டீலர் கைகழுவுவார். வெளி மெக்கானிக்கை வைத்துச் செய்யக்கூடியது ஸ்கேனர் மட்டுமே. கேம், கிராங்க் சிக்னல்களை அலைவடிவமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து, அதே இன்ஜினின் நல்ல பதிவோடு ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. எதையும் கழற்றாமலே எத்தனை டிகிரி விலகல் என்று காட்டும் சோதனை இது. சில கம்பெனிகளின் ஸ்கேனரில் கேம் விலகலே டிகிரியில் நேரடி எண்ணாக வரும்.

சர்வீஸ் அட்வைசரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் பில் போடும் இருக்கையில் இருப்பவர், பெல்ட்டைத் தொட்டவர் அல்ல. ஃபோர்மேனையோ ஒர்க் ஷாப் மேனேஜரையோ கேளுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்றே: இந்த இன்ஜினுக்கான பூட்டுக் கருவி உங்களிடம் இருக்கிறதா, கிராங்க் பின் உட்கார்ந்த நிலையில் கேம் கருவி தானாக உட்காருகிறதா, எந்தப் பாக எண்ணில் பெல்ட்டும் டென்ஷனரும் போட்டீர்கள். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் தீர்ப்பு. கிராங்க், முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேலே எட்டும் உச்சநிலையில் பூட்டியிருக்கும்போது கேம் பூட்டுக் கருவி உள்ளே போகவில்லை என்றால் டைமிங் தப்பு, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அந்தக் காட்சியைத்தான் படம் கேட்கிறீர்கள். (சில இன்ஜினில் கிராங்க் உச்சநிலைக்குச் சற்று முன்னோ பின்னோ பூட்டப்படும். அவர்கள் அப்படிச் சொன்னால் கையேட்டின் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.)

டைமிங் தப்பு என்று ஒப்புக்கொண்டதும் "சரி பண்ணிட்டோம், எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். எடுக்காதீர்கள். டைமிங் சரியானது வேறு, இன்ஜின் தப்பித்தது வேறு. அடுத்து வேண்டியது, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை: இன்ஜின் வெப்பமாக, எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றி, எரிபொருளும் இக்னிஷனும் துண்டித்து, த்ராட்டில் முழுதும் திறந்து, நல்ல பேட்டரியில் ஐந்தாறு சுற்று. பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 10 முதல் 13 பார் காட்டும். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதின் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எண்களைப் படிக்கும் விதம் இது: எல்லா சிலிண்டரும் ஒரே அளவில் குறைந்திருந்தால் கேம் இன்னும் பின்தங்கியிருக்கிறது, இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது. ஒன்றிரண்டு மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வால்வு வளைந்திருக்கிறது. கேம் முந்தியிருந்தால் கம்ப்ரஷன் சற்றுக் கூடுதலாகவே காட்டலாம், ஆகவே நல்ல எண் வந்தாலே டைமிங் சரி என்று அர்த்தமில்லை.

சந்தேகமான சிலிண்டரை உச்சநிலையில் நிறுத்தி உள்ளே காற்று அடைத்துக் கசிவு பார்க்க வேண்டும். த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் மூடியில் வந்தால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். முதல் இரண்டும் பெல்ட்டின் கணக்கில் சேரும். பின் இரண்டுக்கும் பெல்ட்டைக் குற்றம் சொல்வது கடினம். பிளக் துளை வழியே கேமரா விட்டு பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். தழும்பு இருந்தும் கம்ப்ரஷன் நன்றாக இருந்தால், வால்வு லேசாகத் தட்டிப்போயிருக்கிறது என்று பொருள். அந்த வண்டிக்கு எழுத்தில் உத்தரவாதம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுவேலை

பெல்ட்டை மட்டும் ஒரு பல் நகர்த்தித் தருவது போதாது. தப்பான இழுவிசையில் ஓடிய பெல்ட்டின் பல்லடியும் நூலும் என்ன பாடுபட்டன என்று வெளியே தெரியாது. பல தயாரிப்பாளர்கள் ஒருமுறை ஓடிய பெல்ட்டைக் கழற்றினால் மறுபடி மாட்ட வேண்டாம் என்கிறார்கள். புது பெல்ட், புது டென்ஷனர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போல்ட்கள், வெளி பெல்ட்டைச் சரியாக ஓடவிடாத புல்லி இருந்தால் அதுவும், எல்லாம் அவர்கள் செலவில். தேய்ந்த சீலிலிருந்து எண்ணெய் கசிந்து பெல்ட்டைத் தொடுகிறதா என்பதையும் அதே திறப்பில் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப் பல் உதிரும். எண்ணெய்க்குள்ளேயே ஓடுமாறு வடிவமைத்த பெல்ட்கள் வேறு ஜாதி. ஃபோர்டின் ஆரம்பகால 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பியூஜோ சிட்ரோயனின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் ஆகியவற்றில் அந்த வகை இருந்தது. அங்கே தப்பான எண்ணெய் ஊற்றினாலே பெல்ட் கரைந்து, துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். அந்த இன்ஜினில் பெல்ட் வேலை என்றால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி வலையையும் பார்த்தாக வேண்டும்.

முதல் வேலையில் கழற்றிய பழைய பாகங்கள் இன்னும் ஒர்க் ஷாப்பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது முறை கழற்றியவை கட்டாயம் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழைய டென்ஷனரை வாரண்டிக்காகக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள், அது நியாயமே. அனுப்பும் முன் பாக எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டால் போதும்.

புது பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்பது முக்கியம். "பொதுச் சோதனை" என்று போட்டுவிட்டு இலவசம் என்பார்கள். அப்படி வேண்டாம். "டைமிங் பெல்ட் மறுபடி மாட்டப்பட்டது" என்ற வரி, பாக எண்கள், கம்ப்ரஷன் எண்கள், அன்றைய ஓடோமீட்டர் அளவு எல்லாம் ஏற வேண்டும். பாகத்துக்கு வாரண்டி வேறு, கூலி வேலைக்கு வாரண்டி வேறு. இரண்டும் மறுவேலை தேதியிலிருந்து தொடங்குகின்றன என்று எழுதி வாங்குங்கள். அடுத்த பெல்ட் மாற்றும் கெடுவையும் அந்தத் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். கெடு என்பது கிலோமீட்டரும் ஆண்டும், எது முதலில் வருகிறதோ அது. குறைவாக ஓடும் வண்டிக்காரர்கள் இந்த ஆண்டுக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஒர்க் ஷாப் மேனேஜர் எழுத்தில் எதுவும் தர மறுத்தால் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, சேசிஸ் எண்ணும் இரண்டு ஜாப் கார்டு எண்களும் போட்டு, அதே அடையாளங்களை அதே வார்த்தைகளில் எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் கதை மாறினால் அவர்களுக்கு வசதி. கம்பெனியும் கைவிரித்தால், பெல்ட்டைத் தொடாமல் சுயேச்சையான வாகனப் பொறியாளரை வைத்து டைமிங் நிலையைப் பதிவு செய்து, நுகர்வோர் வழக்குக்குப் போவதுதான் மிச்சம். அங்கே எடுபடுவது அந்தப் பொறியாளரின் டிகிரி எண்ணும் படமும்தான்.

வண்டியை எடுக்கும் நாளில் குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், முன்பே சூடேற்றி வைத்த இன்ஜின் பல குறைகளை மறைக்கும். ஐடிலிங், பிறகு கூலன்ட் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை காத்திருப்பு, பிறகு அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டில் கீழ்கியரில் ஒரு இழுவை. திரும்பி வந்து மறுபடி ஸ்கேனர் போட்டு, நிலுவையில் இருக்கும் குறியீடுகள் உட்பட ஒன்றும் இல்லை என்ற அச்சுப்பிரதி. பானெட்டைத் திறந்து, பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதும் ஸ்டிக்கர் புதிதாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும், பழையது கிழிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒட்டியிருந்தால் அடுத்த மெக்கானிக் எதை நம்புவார் என்று சொல்ல முடியாது.